லான்ஸ்டௌனில் இரண்டு நாள்

பத்ரிநாத், கேதாரநாத் யாத்திரை போகிற நம்மவர்கள் ஹரித்துவாரம், ரிஷிகேசம் வழியாகப் போய் அவ்வழியாகவே திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாதைக்குக் கிழக்கே கோட்துவார் என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருப்பதும், அதற்கு மேலே மலைமீது லான்ஸ்டௌன் என்று ஒரு சிறு பட்டணம் இருப்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. ஏரியில் படகு விடுவதற்கு நைனிதால் இருக்கிறது. கடைவீதியில் உலாவுவதற்கு மஸூரி இருக்கிறது. லான்ஸ்டௌனில் இருப்பது ஒரு பட்டாளம். கார்வால் ரைபிள்ஸ் என்னும் படைப்பிரிவுக்கு அதுதான் தாய் வீடு. பட்டாளத்தைப் பார்ப்பதற்காக யாராவது சென்னையிலிருந்து 1,500 மைல் பிரயாணம் செய்வார்களா?

நான் செய்தேன். அதற்குக் காரணம் என் தங்கை.

சென்ற பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் காப்பியைக்கூடத் தொடாமல், "அண்ணா, உன் மருமான் பட்டாளத்தில் சேரப் போகிறானாம். பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான். அவன் அப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நீ சொன்னால்தான் கேட்பான்" என்றாள். எனக்கு அவள் ஒரே தங்கை; அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. பி.ஏ. கடைசி வருஷம் படித்துக் கொண்டிருந்தான்.

நான் பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "மாமா, ஒன்பதாம் வகுப்பில் புறநானூறு நடத்தினீர்களே, நினைவிருக்கிறதா?" என்றான். நினைவிருக்கிறது. புறமுதுகில் காயம் பட்டு மகன் இறந்தான் என்று ஊரார் சொன்னதைக் கேட்ட கிழவி, வாளை எடுத்துக்கொண்டு போர்க்களம் போன கதையை நான் இருபது வருஷமாக நடத்தி வருகிறேன். நடத்தும்போது குரலை உயர்த்துவேன், மேஜையைத் தட்டுவேன். பின் பெஞ்சியில் தூங்குகிறவன்கூட விழித்துக்கொள்வான். என் மருமானும் அந்த வகுப்பில் இருந்தவன். உபாத்தியாயர் தட்டிய மேஜை எந்தப் பையன் மனத்தில் எப்படி ஒலித்தது என்பது பல வருஷம் கழித்தல்லவா தெரிகிறது!

உபதேசம் பலிக்காது என்று கண்டபின், கோடை விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு எங்கேயாவது போய்வரலாம் என்று தீர்மானித்தேன். லான்ஸ்டௌனில் யுத்த நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்லின் முன்னால் நின்றால் பையனுக்குப் புத்தி வரும் என்பது என் எண்ணம். அதோடு, அந்தப் பட்டாளத்தின் சரித்திரத்தில் இரண்டு சம்பவங்கள் வெகு நாளாக என் மனத்தை உறுத்திக் கொண்டிருந்தன. அவற்றைப் பற்றி அவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தில்லியில் வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. அங்கிருந்து கோட்துவார் வரையில் ரயில். சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிற இடம் அது. கோ என்னும் ஆறு மலையிலிருந்து இறங்கி ஊரின் ஓரமாகப் போகிறது. கரையிலே ஒரு குன்றின்மேல் ஸித்தபலி என்னும் அனுமார் கோயில். மலை ஏறுகிறவர்கள் அனுமாரிடம் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள். நாங்களும் சொல்லிக் கொண்டோம்.

ஸ்டேஷனுக்கு வெளியே வாடகைக் கார் பிடித்தோம். காரோட்டி முப்பது வயதுக்குள் இருப்பான். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். இந்தக் கார் ஸர்க்கார் கடனில் வாங்கியது என்றான். என்ன கடன் என்று கேட்டோம். உல்லாசப் பிரயாணிகளை நம்பிப் பிழைக்கிற உள்ளூர் இளைஞர்களுக்கு உத்தராகண்ட் ஸர்க்கார் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு 'வீர சந்திர சிங் கார்வாலி' திட்டம் என்று பெயர்.

"யார் அந்த சந்திர சிங்? பரமவீர சக்கரம் வாங்கினவரா?" என்று என் மருமான் ஆவலுடன் கேட்டான்.

காரோட்டி சிரித்தான். "இல்லை பாயி. சுடு என்று உத்தரவு கொடுத்தார்கள், அவர் சுடவில்லை."

பையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

பாதி வழியில் துகட்டா என்று ஒரு சிற்றூர். சந்திரசேகர் ஆஸாத் 1930ஆம் வருஷத்தில் தலைமறைவாக இந்தப் பக்கம் வந்து, தம் தோழர்களுடன் காட்டிலே கைத்துப்பாக்கிப் பயிற்சி செய்தார் என்று சொல்லி அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். ஆஸாத் சுடப் பழகிய அதே வருஷத்தில்தான் சந்திர சிங் சுட மறுத்தார். இருவரும் ஒரே ஸர்க்காரை எதிர்த்தவர்கள். ஒரே மலைப்பாதையில் இருவர் பெயரும் கேட்கிறது.

துகட்டாவைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக ஏறுகிறது. முதலில் சால் மரம். அப்புறம் சீட் என்று அவர்கள் சொல்லும் ஊசியிலை மரம். உயரம் ஏற ஏறக் கருவாலி மரம். வழியில் சிறு பையன்கள் காபல் என்னும் சிவந்த பழத்தை இலையில் வைத்து விற்கிறார்கள். உப்புத் தொட்டுத் தின்ன வேண்டும். பழத்தைவிடக் கொட்டை பெரியது. இருந்தாலும் நாக்கு விடாது.

லான்ஸ்டௌன் ஏறக்குறைய 5,600 அடி உயரத்தில் இருக்கிறது. பழைய பெயர் காளுடாண்டா. கறுப்பு மலை என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அவ்வளவு அடர்த்தி. 1887ஆம் வருஷம் மே மாதம் அல்மோராவில் கார்வாலிகளுக்கென்று தனிப் பட்டாலியன் திரட்டினார்கள். அதே வருஷம் நவம்பரில் அது இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. பின்னால் வைஸ்ராயாக வந்த லான்ஸ்டௌன் பிரபுவின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். பிரபு போய்விட்டார், பெயர் போகவில்லை. கடைவீதியின் மையத்துக்குக் காந்தி சௌக் என்று பெயர். பட்டாளத்து ஊரின் நடுவில் காந்தி! நான் இதைக் கண்டு சிரித்தபோது பையனுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஊரில் சிறு ஏரி ஒன்று உண்டு. அதற்கு புல்லா தால் என்று பெயர். கார்வாலி பாஷையில் புல்லா என்றால் தம்பி. பட்டாளத்தில் சிப்பாய்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் எங்களை எழுப்பியது சேவல் அல்ல. நூறு பூட்ஸ் கால்கள் ஒன்றாகத் தரையில் படுகிற சத்தம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் வரிசை வரிசையாக ஓடிக் கொண்டிருந்தார்கள். மீசை அரும்பாத முகங்கள். பலர் என் பள்ளிக்கூடத்து மேல்வகுப்புப் பையன்களைப் போலவே இருந்தார்கள். தூரத்தில் எங்கோ துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மலைகளில் அந்த ஒலி மோதி இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தது.

இந்தப் பட்டாளத்தின் கொள்கை வாசகம் பகவத் கீதையிலிருந்து எடுத்தது: போருக்குத் துணிந்து எழுந்திரு என்று பகவான் அர்ஜுனனுக்குச் சொன்னது. கீதையின் இரண்டாவது அத்தியாயத்தில் அது வருகிறது. முதல் அத்தியாயம் முழுவதும் என்ன நடக்கிறது? உலகத்திலேயே சிறந்த வில்லாளி வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்காருகிறான். உடம்பு நடுங்குகிறது, தொண்டை உலர்கிறது. அவனை எழுப்பி நிறுத்துவதற்குப் பகவானுக்கே பதினெட்டு அத்தியாயம் வேண்டியிருந்தது. போர் மனிதனின் பிறவிக் குணம் என்று சொல்லுகிறவர்கள் அந்த முதல் அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. நானும் அவ்விதம் புரட்டியவன்தான்.

காலை வெயில் ஏறியதும் அணிவகுப்பு மைதானத்து நினைவுச் சின்னத்துக்குப் போனோம். 1923ஆம் வருஷம் நவம்பர் 11ஆம் தேதி அப்போதைய பிரதம சேனாதிபதி ராலின்ஸன் பிரபு அதைத் திறந்து வைத்தார். சிப்பாய் ஒருவன் சிலையாக நிற்கிறான். சுற்றிலும் அமைதி, பூஞ்செடிகள் வெகு ஒழுங்கு. பட்டாளத்துக்காரர்கள் செடியைக்கூட அணிவகுக்கச் செய்துவிடுகிறார்கள்.

மியூஸியத்துக்கு தர்வான் சிங் நேகியின் பெயர். 1914 நவம்பர் 23ஆம் தேதி இரவு பிரான்ஸில் ஃபெஸ்டுபேர் என்ற இடத்தில் ஜெர்மானியர் பிடித்த பதுங்கு குழிகளை மீட்கும்போது, தலையிலும் கையிலும் காயம் பட்ட பிறகும் முன்னால் சென்று போரிட்டதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். டிசம்பர் 5ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரான்ஸுக்கு வந்து தம் கையாலேயே பதக்கத்தை அணிவித்தார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டதற்கு, கர்ணப்பிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் சொன்னாராம். கார்வாலிகள் இதைப் பெருமையோடு சொல்லுகிறார்கள். ஜாகீர் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை; பள்ளிக்கூடம் கேட்டார்! உபாத்தியாயன் என்ற முறையில் அந்த மனிதருக்கு நான் அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

இரண்டாமவர் கப்பர் சிங் நேகி. 1915 மார்ச் 10ஆம் தேதி நெவ் ஷாப்பெல் சண்டையில், 19 வயதில், பதுங்கு குழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் புகுந்து எதிரிகளைச் சரணடையச் செய்து அன்றே இறந்தார். அவருக்குச் சமாதி இல்லை. நெவ் ஷாப்பெலில் 1927இல் எழுப்பிய இந்திய நினைவு மண்டபத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

"பத்தொன்பது வயது, மாமா!" என்றான் மருமான். அவனுக்கு இருபது. அவன் கண்கள் பளபளத்தன. நினைவுச் சின்னத்தைக் காட்டிப் புத்தி வரச் செய்யலாம் என்று நான் போட்ட திட்டம் அந்த நிமிஷத்திலே கவிழ்ந்து போயிற்று. பிற்பகல் முழுவதும் அவன் பட்டாளத்தார் வலது தோளில் அணியும் சிவப்புக் கயிற்றைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தான்.

சாயங்காலம் 'டிப் இன் டாப்' என்று விசித்திரமாகப் பெயர் வைத்திருக்கும் மலை விளிம்புக்குப் போனோம். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் நீல மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் பின்னே சௌகம்பாவின் பனிச் சிகரங்கள். ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து அவனுக்கு முதல் சம்பவத்தைச் சொன்னேன்.

கப்பர் சிங் இருந்தது 39வது கார்வால் ரைபிள்ஸின் இரண்டாவது பட்டாலியன். 1914 டிசம்பரில் அந்தப் பட்டாலியன் நெவ் ஷாப்பெலுக்கு அருகே பதுங்கு குழிகளில் இருந்தது. எதிரே, குரல் கேட்கிற தூரத்தில், ஜெர்மானியர். மழை, சேறு, குளிர். கிறிஸ்துமஸுக்கு முன்தினம் இரவு போர்முனையில் பல இடங்களில் ஜெர்மானியர் சிறு சிறு மரங்களில் மெழுகுவத்தி ஏற்றிக் குழியின் விளிம்பில் வைத்துப் பாடினார்கள். மறுநாள் இரு பக்கமும் வெளியே வந்தார்கள். நடுவில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். புகையிலை, பொத்தான், மிட்டாய் ஆகியவற்றை மாற்றிக்கொண்டார்கள். சில இடங்களில் பந்து உதைத்ததும் உண்டு. ஏறக்குறைய லக்ஷம் பேர் இதில் கலந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரர்களின் பண்டிகை என்றுதான் இதைப் பற்றி எழுதுவது வழக்கம். ஆனால் அன்று வெளியே வந்து ஜெர்மானியரோடு நின்றவர்களில் இந்த இரண்டாவது கார்வால் பட்டாலியனும் உண்டு. கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று அந்த மலைப் பையன்களுக்கு என்ன தெரியும்? விளக்கு வரிசையைப் பார்த்ததும் தீபாவளி நினைவு வந்திருக்குமோ என்னவோ!

மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. இப்படி ஏதேனும் நேரும் என்று அஞ்சி, ஸ்மித்-டோரியன் என்ற தளகர்த்தர் டிசம்பர் 5ஆம் தேதியே எச்சரிக்கை விடுத்திருந்தார். 1915 கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பான உத்தரவுகள் பறந்தன. அப்படியும் சிறிது நேரச் சமாதானத்துக்கு இடம் கொடுத்ததற்காக ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் காப்டன் ஒருவர்மீது ராணுவ விசாரணை நடந்தது. பண்டிகை இல்லாத நாட்களிலும் அமைதியான முனைகளில் ரகசிய உடன்பாடுகள் இருந்தன. எதிரி சாப்பிடுகிற நேரத்தில் சுடுவதில்லை. தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் குண்டு போடுவது, எதிரி முன்கூட்டியே விலகிக்கொள்வதற்கு. துப்பாக்கியைத் தலைக்கு மேலே உயர்த்திச் சுடுவது. ஒரு வார்த்தை பேசாமலே இரு பக்கத்தாரும் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். திடீர்த் தாக்குதல்களுக்கு மேலிடம் ஓயாமல் உத்தரவிட்டதற்கு இந்த உடன்பாடுகளைக் குலைப்பதும் ஒரு காரணம்.

"அப்படியானால் அவர்கள் பயந்தவர்களா, மாமா?" என்றான்.

"கப்பர் சிங்கைப் பயந்தவன் என்று சொல்லுவாயா? டிசம்பரில் சமாதானம் செய்தது அவனுடைய பட்டாலியன். மார்ச்சில் நெவ் ஷாப்பெலில் மாண்டதும் அதே பட்டாலியன். இரண்டு கார்வால் பட்டாலியன்களிலும் மாண்டவர்கள் போக மிஞ்சினவர்களைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டியிருந்தது" என்றேன்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. நானும் இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ். எல். ஏ. மார்ஷல் என்னும் அமெரிக்க ராணுவ எழுத்தாளர் 1947இல் வெளியிட்ட நூலில், சண்டையில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து பேர்தான் எதிரிமீது சுட்டார்கள், மற்றவர்கள் இடத்தை விட்டு ஓடவும் இல்லை, சுடவும் இல்லை என்று எழுதினார். மனிதனுக்குக் கொலையில் விருப்பமில்லை என்று காட்ட விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். அதை நம்பி நானும் ஒரு முறை பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிரசங்கம் செய்திருக்கிறேன். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்ததில் அந்த எண்களுக்குத் தக்க ஆதாரம் அகப்படவில்லை. ஆகையால் அந்தக் கணக்கை நான் விட்டுவிட்டேன். ஆனால் மற்றொரு விஷயம் விடவில்லை. வட்டப் பலகையைச் சுட்டுப் பழகிய சிப்பாய்களுக்குப் பதிலாக, மனித உருவமாகச் செய்த பலகை திடீரென்று எழுந்து நிற்பதும் சுட்டவுடன் விழுவதுமான பயிற்சியை அமெரிக்க ராணுவம் பின்னர் ஏற்படுத்தியது. பிறவியிலேயே இருக்கிற குணத்துக்கு இத்தனை பயிற்சி எதற்கு?

இருட்டுகிற சமயம் இரண்டாவது சம்பவத்தைத் தொடங்கினேன்.

1922இல் படைகளின் எண்களை மாற்றியமைத்தபோது, 39வது கார்வால் ரைபிள்ஸ் 18வது ராயல் கார்வால் ரைபிள்ஸ் ஆயிற்று. நெவ் ஷாப்பெலில் இருந்த இரண்டாவது பட்டாலியன் இரண்டாவது பட்டாலியனாகவே இருந்தது. 1930 ஏப்ரலில் அது பெஷாவரில் இருந்தது. தேசம் முழுவதும் உப்பு சத்தியாக்கிரகம். ராஜாஜியின் கோஷ்டி தஞ்சை ஜில்லாவில் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஏப்ரல் 23ஆம் தேதி கான் அப்துல் கபார் கானையும் மற்றத் தலைவர்களையும் கைது செய்தார்கள். கிஸ்ஸா கானி பஜாரில் பெருங்கூட்டம் கூடியது. கவச மோட்டார்கள் கூட்டத்துக்குள் புகுந்தன, ஜனங்கள் நசுங்கினார்கள், ஒரு கவச மோட்டார் எரிந்தது. பிறகு துப்பாக்கிப் பிரயோகம். இறந்தவர் எத்தனை பேர் என்பதில் ஸர்க்கார் சொன்ன கணக்கும் ஜனங்கள் சொன்ன கணக்கும் பொருந்தவே இல்லை. ஜனங்கள் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள்.

கூட்டத்தார் முஸ்லிம்கள்; கார்வாலிகள் ஹிந்துக்கள். ஆகையால் தயங்காமல் சுடுவார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. அந்த முஸ்லிம்கள் ஹிந்துக்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று முன்கூட்டியே சிப்பாய்களுக்குப் பாடமும் நடத்தியிருந்தார்கள். அந்தப் பட்டாலியனில் ஹவில்தாராக இருந்தவர் சந்திர சிங். 1914இல் இதே லான்ஸ்டௌனில் சேர்ந்து, பிரான்ஸையும் மெஸபொடேமியாவையும் கண்டு வந்தவர். அவர் பின்னால் ராகுல் ஸாங்கிருத்யாயனிடம் தம் வரலாற்றைச் சொல்லி, ராகுல்ஜி அதை ஹிந்தியில் நூலாக எழுதினார். அதன்படி, சுடும்படி அதிகாரி உத்தரவிட்ட கணத்தில் சந்திர சிங் முன்னே வந்து சுடவேண்டாம் என்று உரக்கச் சொன்னார், துப்பாக்கிகள் தாழ்ந்தன. மறுநாள் நகரத்துக்குள் போகும்படி வந்த உத்தரவையும் இரண்டு பிரிவுச் சிப்பாய்கள் ஏற்க மறுத்தார்கள். அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்துக் கைது செய்தார்கள்.

அபோட்டாபாத்தில் ராணுவ விசாரணை நடந்தது. கார்வாலைச் சேர்ந்த பாரிஸ்டர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். பதினேழு பேருக்குத் தண்டனை. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. ஒருவருக்கு 15 வருஷம். மற்றவர்களுக்கு மூன்று முதல் பத்து வருஷம். அவர் 1941இல் விடுதலையானபோது பதினோரு வருஷம் கழிந்திருந்தது. 1979 வரையில் வாழ்ந்தார். ஸ்ரீநகரிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர். நம்மை மலைமேல் ஏற்றிவந்த கார்க் கடனுக்கும் அவர் பெயர். (இந்த ஸ்ரீநகர் காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, கார்வாலில் அலகநந்தா நதிக்கரையில் இருப்பது.)

"பின்னே என்ன! காந்திஜி அவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பாரே?" என்றான் பையன்.

அங்கேதான் சங்கடம். 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் சத்தியாக்கிரகக் கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. உத்தரவை மீறிய சிப்பாய்களுக்கும் போலீஸாருக்கும் கிடையாது என்று அதிலேயே கண்டிருந்தது. அவ்வருஷம் லண்டனில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர் மகாத்மாவிடம் இதைப் பற்றி நேராகவே கேட்டார். சுடச் சொல்லும் உத்தரவை மீறுகிற சிப்பாய் தான் செய்த பிரமாணத்தை மீறுகிறான்; நாளைக்கு நமக்கே ஆட்சி வந்தால் இதே சிப்பாய்களைக் கொண்டுதானே காரியம் நடத்த வேண்டும், அவர்களுக்குக் கீழ்ப்படியாமையைக் கற்பித்தால் நமக்கும் அவர்கள் கீழ்ப்படிய மாட்டார்கள் என்ற கருத்துப்பட மகாத்மா பதில் சொன்னார். அஹிம்சையின் பெயரால் தேசத்தையே திரட்டியவர், நிராயுதபாணிகளைச் சுட மறுத்தவர்களைப் பற்றி இப்படிச் சொன்னார் என்பதை முதலில் படித்தபோது எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மகாத்மாவிடம் எனக்குள்ள பக்தி இன்றும் குறையவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் மனம் பெஷாவர் பஜாரில் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்கள் பக்கமே இருக்கிறது. விடுதலையான பின் சந்திர சிங் மனக்கசப்பின்றி வார்தாவுக்குப் போய் மகாத்மாவின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மருமான் வெகு நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "மாமா, மனிதனுக்குச் சுடுவதில் விருப்பமில்லை என்றால், ஜாலியன் வாலாபாக்கில் ஐம்பது பேர் சுட்டார்களே? அவர்களும் நம் நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர்கள்தானே?"

நான் பாடம் நடத்தி வளர்த்த பிள்ளையல்லவா! சரியான இடத்தில்தான் பிடித்தான். 1919 ஏப்ரல் 13ஆம் தேதி, ஐம்பது துப்பாக்கிகள், 1,650 ரவுண்டு. அங்கே சந்திர சிங் ஒருவர் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெஷாவரில் அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கே பெஷாவரில் வேறு துருப்புகள் சுட்டன அல்லவா? ஒருவன் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தங்கள் மனத்தில் இருந்ததையே கேட்டவர்கள்போல் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார்கள். ஒருவரும் திறக்காவிட்டால் எல்லாரும் சுடுகிறார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அப்படியே அவனிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை, புறப்படுவதற்கு முன் காந்தி சௌக்கில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சியில் ஒரு கிழவர். முதுகு வளையாத உட்காரலைப் பார்த்தாலே பழைய பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தது. பென்ஷன் விஷயமாக ஏதோ காரியாலயத்துக்கு வந்தவர். 1971 யுத்தத்தில் இருந்தாராம். என் மருமான் அவரோடு ஹிந்தியில் பேச்சுக் கொடுத்து, நான் தடுப்பதற்குள், "தாதாஜி, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டிருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டான். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

கிழவர் கோபிக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார். "புல்லா, இரவில் சண்டை. எல்லாரும் சுட்டோம். குண்டு எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பார்த்தவன் ஒருவன் எங்கள் கம்பெனியில் இருந்தான். பக்கத்து ஊர்க்காரன். லீவில் வந்தால் யாரோடும் பேச மாட்டான்" என்றார். பிறகு, "நீ பட்டாளத்தில் சேரப் போகிறாயா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றான் பையன்.

"நல்லது. சாப்பாடு நன்றாக இருக்கும்" என்றார் கிழவர். எங்கள் தேநீருக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

இறங்கும்போது துகட்டாவுக்கு மேலே காரை நிறுத்தி, தங்கைக்கென்று ஒரு கூடை காபல் வாங்கினோம். தில்லி போவதற்குள் பாதி அழுகிவிட்டது. ரயிலில் மருமான் மேல் பலகையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கொண்டிருந்தான். நாகபுரி தாண்டியபின் கீழே எட்டிப் பார்த்து, "மாமா, சந்திர சிங்கும் முதலில் பட்டாளத்தில் சேர்ந்தவர்தானே? சேராமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சுடாதே என்று சொல்ல அங்கே யார் இருந்திருப்பார்கள்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

சென்னையில் ஸ்டேஷனுக்கே தங்கை வந்திருந்தாள். பையன் சாமான் இறக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணா, மனசு மாறினானா?" என்றாள்.

"பரீட்சை எழுதுகிறானாம்" என்றேன்.

"நீ என்ன சொன்னாய்?"

நடந்ததைச் சொல்ல முயன்றேன். கிறிஸ்துமஸ், பெஷாவர், கிழவர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதியிலேயே கூடையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பிறகு பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பரீட்சை செப்டம்பரில். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டை நடத்த வேண்டிய வாரம் நெருங்கிக் கொண்டிருக்கிறது.